சத்தம் போடுவது சூடுதான்

தில்லியின் ஜனவரி இரவுக்கு ஒரு குணம் உண்டு. மின்விசிறி ஓடாது. கூலர் துணி போர்த்திக்கொண்டு பால்கனி மூலையில் கிடக்கும். ஜன்னல்கள் இறுகச் சாத்தியிருக்கும். பதினோரு மணிக்கு மேல் காவலாளி தடியைத் தரையில் தட்டிக்கொண்டும் விசில் ஊதிக்கொண்டும் போவதைத் தவிர தெருவில் அரவம் இருக்காது. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது அப்போதுதான் தெரியவரும். மே மாதத்தில் தெரியாது. கூலர் போடும் கூச்சலில் பக்கத்து அறையில் பாத்திரம் உருண்டாலும் காதில் விழாது.

எனக்கு இதைத் தெரியப்படுத்தியவர் என் அம்மா. சில ஆண்டுகளுக்கு முன் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக எங்களிடம் வந்து தங்கினார். வீட்டில் இரண்டே அறைகள். அம்மாவுக்குக் கட்டில் போட இடம் இருந்தது நான் வேலை செய்யும் அறையில்தான். மொழிபெயர்ப்பாளனின் வேலை ராத்திரி வேலை. ஆங்கிலப் பிரதி மாலை மங்கிய பிறகு வரும். விடிவதற்குள் அது தமிழாகிவிட வேண்டும். நாலாம் நாள் காலையில் அம்மா கேட்டார்: "ஏண்டா, ராத்திரி பூரா அந்தப் பெட்டி முனகிக்கிட்டே இருக்கே, அதுக்கும் உடம்பு சரியில்லையா?"

சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்கிற விஷயம் அல்ல. வலி மாத்திரையின் தயவில் அம்மாவுக்குக் கிடைத்ததே மூன்று நான்கு மணி நேரத் தூக்கம். அதையும் என் மேஜைக்கு அடியில் இருந்த பெட்டி தின்றுகொண்டிருந்தது.

'முனகல்' என்று அம்மா சொன்னதில் ஒரு நுட்பம் இருந்தது. கம்ப்யூட்டர் விற்பவர்கள் எல்லாவற்றையும் 'நாய்ஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். தமிழில் முனகல் வேறு, ரீங்காரம் வேறு, இரைச்சல் வேறு. கம்ப்யூட்டரிலும் வேறு வேறுதான். அன்றிரவு பழைய காலண்டர் தாள் ஒன்றைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைப் பெட்டியைச் சுற்றி நகர்த்தினேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி. முன்பக்கம் ஹார்ட் டிஸ்க்: கர கர. நடுவில் பிராசஸர் மேல் இருக்கும் விசிறி: உஸ் என்று காற்று. பின்பக்கம் மேல் மூலையில்தான் அம்மாவின் எதிரி இருந்தான். ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று முனகல், இடையிடையே 'கிர்ர்' என்று பேரிங் தேய்ந்த சத்தம். அதுதான் எஸ்.எம்.பி.எஸ்.

இந்தப் பெயரை அறியாதவர்களும் இந்தப் பொருளை அறிவார்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை கம்ப்யூட்டர் தாங்கும் 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. உலகம் பவர் சப்ளை என்கிறது. நேரு பிளேஸ், லாமிங்டன் ரோடு, எஸ்.பி. ரோடு, ரிச்சி ஸ்ட்ரீட் என்று இந்தியாவில் எந்த கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்குப் போனாலும் எஸ்.எம்.பி.எஸ். என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸர் என்ன, ராம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறோம். இதைப் பற்றிக் கேட்பதில்லை. கேபினெட்டோடு சேர்ந்து வரும் 'இலவச' எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன்.

முனகலை நிறுத்த நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். விசிறியை மாற்ற நேரம் ஆகும், மாற்றினாலும் அது சத்தம் போடும் என்றார். "வயரை வெட்டிடலாம் சார். குச் நஹீ ஹோகா" என்றார். ஒன்றும் ஆகாது. வெட்டினார். காசுகூட வாங்கவில்லை.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் சொர்க்கம். அம்மா தூங்கினார். நான் ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுச் சொச்சம் பக்கம் முடிந்திருந்தது. மே மாதம் மூன்றாம் வாரம், வெளியே பகலெல்லாம் அனல் காற்று. இரவு ஒரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுட்டது. விளக்கு ஒரு முறை மங்கி, பிறகு அளவுக்கு மீறிப் பிரகாசமானது. மேஜைக்கு அடியில் 'டப்' என்று வெடித்தது. திரை இருண்டது. கருகிய வாடையோடு புகை எழுந்தது. இருட்டில் அம்மா வாக்கரைத் தேடிக் கைகளை நீட்டி, "என்னடா வெடிச்சுது, என்னடா வெடிச்சுது" என்று கேட்டுக்கொண்டிருந்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவரால் எழுந்து ஓட முடியாது. கட்டிலுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே நான்கு அடி தூரம்தான் இருந்தது.

மதர்போர்டு போயிற்று. ஹார்ட் டிஸ்க் போயிற்று. நாவலும் போயிற்று. வேறெங்கும் பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு. ஆனால் விசிறியின் வயரை வெட்டச் சம்மதித்தது அதைவிடப் பெரிய தப்பு. அதற்குப் பிறகுதான் இந்தப் பெட்டியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

பழைய வால்வு ரேடியோவைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், அதன் பாரத்தில் பெரும் பங்கு டிரான்ஸ்பார்மருடையது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 முறை திசை மாறுகிறது. இவ்வளவு மெதுவாக மாறும் மின்சாரத்துக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் தேவை. எஸ்.எம்.பி.எஸ். ஒரு தந்திரம் செய்கிறது. வரும் மின்சாரத்தை முதலில் ஒரே திசையில் ஓட வைக்கிறது. பிறகு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதை நிறுத்தி நிறுத்தி விடுகிறது. அப்போது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டிரான்ஸ்பார்மர் போதும். பெயரில் உள்ள 'சுவிட்ச்' இதுதான். ஆனால் மாற்றும் வேலையில் கொஞ்சம் மின்சாரம் வீணாகிறது. வீணாவது முழுவதும் சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் விசிறி.

ஆக, சத்தத்தின் வேர் விசிறியில் இல்லை, சூட்டில் இருக்கிறது. விசிறி வெறும் தூதுவன். நான் தூதுவனைக் கொன்றுவிட்டு, சேதியைப் படிக்காமல் விட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். உங்கள் கம்ப்யூட்டருக்கு 200 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் செயல்திறன் 80 சதவீதம் என்றால் அது சுவரிலிருந்து 250 வாட் இழுக்கும். 50 வாட் சூடாகும். செயல்திறன் 92 சதவீதமாக இருந்தால் இழுப்பது ஏறத்தாழ 217 வாட். சூடு 17 வாட்தான். மூன்றில் ஒரு பங்கு. தள்ள வேண்டிய சூடு குறைந்தால் விசிறி மெதுவாகச் சுற்றலாம், சில நேரம் சுற்றாமலே இருக்கலாம். எழுதுவது, படிப்பது, கணக்கு எழுதுவது போன்ற வேலைக்கு கம்ப்யூட்டருக்கு 60 வாட்கூடத் தேவைப்படுவதில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸாக இருந்தால் அப்போது வீணாவது 8 வாட் அளவு. ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எடுக்கும் மின்சாரம்.

விசிறி இல்லாத எஸ்.எம்.பி.எஸ். ஏதோ அபூர்வப் பொருள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மொபைல் சார்ஜர் அதுதான். லேப்டாப்போடு வரும் கறுப்பு அடாப்டரும் அதுதான். கொடுக்கும் மின்சாரம் கொஞ்சம், வீணாவது அதைவிடக் கொஞ்சம். பிளாஸ்டிக் உறை வழியே சூடு தானாக வெளியேறிவிடுகிறது. பெரிய கம்ப்யூட்டருக்கு இதையே செய்ய வேண்டுமானால் செயல்திறனை 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்தி, உள்ளே பெரிய அலுமினியத் தகடுகளை வைத்து, மேல்பக்கத்தைத் துளைகளாகத் திறந்துவிட வேண்டும். 400 வாட்டுக்கு மேல் தரக்கூடிய, விசிறியே இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.கள் உண்டு. 700 வாட் தருபவையும் வந்திருக்கின்றன. விலைதான் சாதாரணப் பெட்டியைப் போல் பல மடங்கு.

விசிறி மீது வெறுப்புக் கொண்டவர்களில் பிரபலமானவர் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ். விசிறி மன அமைதியைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. 1977இல் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் விசிறி இல்லை. அதற்காகவே ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் சூடு குறைந்த சுவிட்சிங் பவர் சப்ளையை வடிவமைத்தார். அது ஜெயித்தது. 1980இல் வந்த ஆப்பிள் 3யிலும் விசிறி கூடாது என்றார் ஜாப்ஸ். உள்ளே நெரிசல் அதிகம். சிப்புகள் இருப்பிடத்திலிருந்து கழன்றுகொண்டன. கம்ப்யூட்டரைச் சில அங்குலம் தூக்கி மேஜைமேல் போட்டால் சிப்புகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொன்ன கதை இன்றும் கம்ப்யூட்டர் உலகில் உலவுகிறது. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷுக்கும் விசிறி இல்லை. ஜாப்ஸ் 1985இல் வெளியேறினார்; 1987இல் வந்த மெக்கின்டாஷ் எஸ்.இ.யில் விசிறி வந்துவிட்டது. 2020இல் அதே நிறுவனம் தன் சொந்த எம்1 சிப்போடு வெளியிட்ட மேக்புக் ஏர் மறுபடி விசிறி இல்லாமல் வந்தது. இந்த முறை பிடிவாதத்தால் அல்ல. சிப் உண்டாக்கும் சூடே குறைந்துவிட்டது. 43 ஆண்டுகளின் பாடம் இவ்வளவுதான்: சூட்டைக் குறைத்தவர்களிடமிருந்து விசிறி தானே விடைபெற்றுக்கொள்கிறது. குறைக்காமல் விரட்டினால் பழி வாங்குகிறது.

விசிறியில்லாத எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவிட்டால் அறை அமைதியாகிவிடுமா? இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். டெசிபல் கணக்கு நாம் பள்ளியில் படித்த கூட்டல் அல்ல. 30 டெசிபல் சத்தம் போடும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் 60 ஆகாது, 33தான் ஆகும். திருப்பிச் சொன்னால், இரண்டில் ஒன்றை முழுவதுமாக நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். காதுக்கு லேசாகத்தான் தெரியும். பிராசஸர் விசிறி 30 டெசிபலும் எஸ்.எம்.பி.எஸ். விசிறி 20 டெசிபலும் என்றால், பின்னதை நீக்குவதால் குறைவது அரை டெசிபல்கூட இல்லை. அத்தனை ரூபாயும் காற்றில். எனவே காகிதக் குழலோடு முதலில் உட்காருங்கள். அதிகம் சத்தம் போடுவது எது என்று கண்டுபிடியுங்கள். அதை மாற்றுங்கள். பிறகு அடுத்தது. சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் 'கர கர' அறவே போய்விடும். அதற்குள் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை.

எவ்வளவு அமைதி தேவை என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. படுக்கையறையில் இரவு நேரச் சத்தம் சராசரியாக 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி சொன்னது. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வைத்த வரம்பு 45 டெசிபல். அது தெருவுக்கு. அறைக்குள், கட்டிலுக்கு நான்கு அடி தள்ளி இருக்கும் பெட்டிக்கு எந்தச் சட்டமும் இல்லை. நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி கடைக்குப் போகலாம். "பில்குல் சைலன்ட் ஹை" என்று எல்லாக் கடைக்காரர்களும் சொல்வார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நேரு பிளேஸ் கூட்டத்தில் ரயில் இன்ஜினும் சைலன்ட்தான். அங்கே காது உதவாது. கண்ணால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் '80 பிளஸ்' முத்திரை. 2004இல் தொடங்கிய தரச் சான்று இது. சாதா, பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள். 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில், பிரான்ஸுக்கு 85 சதவீதம், கோல்டுக்கு 90, டைட்டானியத்துக்கு 94 செயல்திறன் இருக்க வேண்டும். நம் 230 வோல்ட்டில் இது சற்றுக் கூடும். அமைதி வேண்டுபவர்கள் கோல்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். ஆனால் இந்த முத்திரை சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சத்தத்துக்குத் தனியாகத் தரம் பிரிப்பது சைப்ரஸில் உள்ள சைபெனெட்டிக்ஸ் என்ற சோதனைக்கூடம். அதன் பட்டியலில் ஏ பிளஸ் பிளஸ் என்றால் சராசரிச் சத்தம் 15 டெசிபலுக்கும் கீழே என்று அர்த்தம். சாதாரண வீட்டில் அது காதில் விழாது.

இரண்டாவது, விசிறியின் அளவு. பழைய பெட்டிகளின் முதுகில் 80 மில்லிமீட்டர் விசிறி இருக்கும். இப்போது அடியில் 120, 135, 140 மில்லிமீட்டர் விசிறிகள் வருகின்றன. 140 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு 80ஐப் போல் மூன்று மடங்கு. அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். பேரிங்கையும் கேளுங்கள். ஸ்லீவ் பேரிங் புதிதில் அமைதி. சூட்டில் எண்ணெய் வற்றியதும் முனகும். பால் பேரிங் நீண்ட நாள் உழைக்கும், லேசாகக் கரகரக்கும். ஃப்ளூயிட் டைனமிக் வகை இரண்டின் நல்ல குணங்களையும் பெரும்பாலும் தருகிறது.

மூன்றாவது, வாட். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பன்னிரண்டால் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்றால் 180 வாட்தான். இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன. கூடவே கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனக்கும். உள்ளே செம்பும் அலுமினியமும் இருக்கின்றன. எடுத்ததும் அட்டைப் பெட்டிபோல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவதுதான் நம் நாட்டுக்கே உரியது: வெயில். 80 பிளஸ் சோதனை நடப்பது 23 டிகிரி செல்சியஸை ஒட்டிய அறையில். மே மாதத் தில்லியில், நாகபுரியில், விஜயவாடாவில் அப்படி ஓர் அறை ஏ.சி. உள்ளவர்களுக்கே கிடைக்கும். முழு வாட்டையும் எத்தனை டிகிரிவரை தரும் என்று தயாரிப்பாளரின் குறிப்பில் இருக்கும். 50 டிகிரி என்று இருந்தால் நல்லது. 40 டிகிரிக்கு மேல் திறனைக் குறைத்துக்கொள்ளச் சொல்பவையும் உண்டு. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஐரோப்பாவில் பத்து ஆண்டு உழைக்கும் பெட்டி இங்கே ஐந்தில் ஓய்வு கேட்டால் ஆச்சரியமில்லை. 105 டிகிரி தாங்கும் கெபாசிட்டர்களா, 85 டிகிரியா என்று விசாரிக்கலாம்.

இந்த இடத்தில்தான் விசிறி இல்லாததா, இருப்பதா என்ற முடிவு வருகிறது. விசிறி இல்லாத பெட்டிக்கு இரண்டு சாதகம். முனகல் கிடையாது. தூசியை உறிஞ்சி இழுக்காது. தில்லியின் புழுதிக் காற்றை அறிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன. துளைகள் உள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும். சூடான காற்று மேலேதான் போகும். கேபினெட்டுக்குள் மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய விசிறியாவது காற்றை நகர்த்த வேண்டும். பழைய கேபினெட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். விசிறிதான் மொத்தப் பெட்டியின் சூட்டையும் வெளியேற்றும். அதை எடுத்துவிட்டால் மற்றவை வேகும். இன்னொன்று, காயில் முனகல். மின்சாரம் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்கள் லேசாக அதிரும். கொசு பாடுவதுபோல் கேட்கும். விசிறிச் சத்தத்தில் அது அமுங்கியிருக்கும். விசிறி போனதும் மேடைக்கு வந்துவிடும். ஒரு சத்தத்தைக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு இன்னொன்றை வரவேற்ற கதைகள் நிறைய உண்டு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஹைப்ரிட் அல்லது ஜீரோ ஆர்.பி.எம். என்று விற்கப்படும் வகை. சுமையும் சூடும் குறைவாக இருக்கும்வரை விசிறி அசையாது. கூடினால் மெதுவாகச் சுற்றத் தொடங்கும். 550 வாட் கோல்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 60, 70 வாட் கம்ப்யூட்டரை ஓட்டினால் குளிர்காலத்தில் விசிறி சுற்றுவதே அபூர்வம். சில மாடல்களின் முதுகில் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். நான் வாங்கியது அந்த வகை. அக்டோபரில் சுவிட்சை ஹைப்ரிட்டுக்குத் தள்ளுகிறேன். ஏப்ரலில் திருப்புகிறேன்; விசிறி எப்போதும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்? மேலே கூலர் இருக்கிறது. நம் ஊரில் அமைதி தேவைப்படும் காலத்தில் சூடு இல்லை. சூடு இருக்கும் காலத்தில் அமைதி எப்படியும் இல்லை. விசிறியே இல்லாத பெட்டியை நான் வாங்காததற்கு இந்த எளிய காரணம்தான்.

புதிதாகவே வாங்கப் போகிறவர்கள், எழுத்து வேலை மட்டும் செய்பவர்கள், பெரிய பெட்டியே வேண்டாம் என்றும் யோசிக்கலாம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய மினி கம்ப்யூட்டர்கள் பல லேப்டாப் அடாப்டரிலேயே ஓடுகின்றன. அந்த அடாப்டரில் விசிறி இல்லை. மலிவான வழி.

யு.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற அமைப்பு இருக்கும். மலிவான யு.பி.எஸ்.களும் சில வீட்டு இன்வெர்ட்டர்களும் தருவது அலைபோல வளையும் மின்சாரம் அல்ல, படிக்கட்டுபோல ஏறி இறங்குவது. இன்வெர்ட்டரில் மின்விசிறி முனகுவதைக் கேட்டிருப்பீர்களே, அதே காரணம். கரண்ட் போகும் நொடியில் இந்த இரண்டும் ஒத்துப்போகாமல் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம். சைன் வேவ் யு.பி.எஸ். என்று கேட்டு வாங்குங்கள்; அல்லது வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஆளைக் கொல்ல அது போதும். தூசியை வெளியிலிருந்தே ப்ளோயர் வைத்து ஊதலாம். விசிறி கிர்ர் என்றால் பெட்டியை மாற்றுங்கள். யாராவது வயரை வெட்டலாம் என்று சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். "குச் நஹீ ஹோகா" என்ற மூன்று சொற்களுக்கு ஒரு நாவலின் நூற்றுச் சொச்சம் பக்கங்களை நான் விலையாகக் கொடுத்தேன். அதைவிட அதிகமாகக் கொடுக்க நேர்ந்திருக்கலாம்.

அந்த நாவலை மறுபடி முதல் பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தேன். இப்போது மூன்று இடங்களில் பிரதி இருக்கிறது. போன ஜனவரியில் அம்மா மறுபடி வந்திருந்தார். முழங்கால் பரவாயில்லை. அதே அறை, அதே கட்டில். இரவு இரண்டு மணிக்கு இருட்டிலிருந்து குரல் வந்தது.

"டேய், வேலை செய்யறியா, தூங்கிட்டியா? முன்னெல்லாம் அந்தப் பெட்டி முனகும், நீ முழிச்சிருக்கேன்னு தெரியும்."

"முழிச்சுத்தாம்மா இருக்கேன். நீ தூங்கு" என்றேன். வெளியே காவலாளியின் தடி தட்டிக்கொண்டு போயிற்று. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அம்மா தூங்கிவிட்டார்.